மறந்ததா, பதியவே இல்லையா?

மாணவர்களே, பாடத்திற்குள் செல்லும் முன் கீழ்க்காணும் ஏழு சொற்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்: திண்ணை, முறம், தாழ்ப்பாள், அம்மி, பரண், உறி, கொல்லை. ஏழும் ஒரு பழைய வீட்டைச் சேர்ந்தவை. பரண் என்பது கூரைக்குக் கீழே பொருள்களை ஏற்றி வைக்கும் மேல்தட்டு. உறி என்பது பால், தயிர்ப் பானைகளைப் பூனைக்கு எட்டாதபடி கயிற்றில் தொங்கவிடும் அமைப்பு. மற்றவை உங்கள் பாட்டிக்குத் தெரியும். இச்சொற்களை இங்கே வைத்ததன் காரணம் பாடத்தின் முடிவில் விளங்கும்.

சென்ற ஆண்டு தசரா விடுமுறை முடிந்த வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்தாள். அவளுடைய பெற்றோர் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மைசூருக்கு வந்தவர்கள். தந்தை மேட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பள்ளியில் படித்த நாளில் செய்யுள் ஒப்புவிப்பதில் அவளை மிஞ்சியவர் இல்லை. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, அகவை 19. கொடுத்த தேநீரைத் தொடாமலேயே, "தமிழம்மா, எனக்கு மறதி நோய் வந்துவிட்டது. படிப்பை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றாள்.

இரவில் படித்த பாடம் காலையில் நினைவில் இல்லை. ஒரே பத்தியை மூன்று முறை படித்தாலும் என்ன படித்தோம் என்பது தெரிவதில்லை. அடுக்களைக்குள் நுழைந்தவுடன் எதற்காக வந்தோம் என்று விழித்துக்கொண்டு நிற்கிறாள். அலைபேசியில் தேடிப் பார்த்தாளாம். முதியோருக்கு வரும் மறதி நோயின் அறிகுறிகள் யாவும் தனக்கு இருப்பதாகத் தோன்றியதாம். அந்த அச்சத்தால் உறக்கம் மேலும் கெட்டது.

அந்நோய் இருபது வயதில் வருவது மிக மிக அரிது. ஆயினும் அவள் கூறிய குறைகள் பொய்யல்ல. உங்கள் அக்காமாரும் அண்ணன்மாரும் இவற்றையே வேறு சொற்களில் கூறக் கேட்டிருப்பீர்கள். சிலர் தம்மை மந்தபுத்தி என்றே முடிவு செய்துவிடுகின்றனர். இப்பாடம் அவர்களைப் பற்றியது. இன்னும் சில ஆண்டுகளில் உங்களைப் பற்றியதும் ஆகலாம்.

ஒரு செய்தி நினைவாவதற்கு அது முதலில் மனத்தில் பதிய வேண்டும். பின்பு தங்க வேண்டும். வேண்டும்போது மீண்டு வர வேண்டும். நாம் 'மறந்துவிட்டது' என்று கூறுபவற்றுள் பெரும்பகுதி, பதிதல் என்னும் முதற்படியையே தாண்டாதவை. அனுப்பாத கடிதத்தை அஞ்சல்காரர் கொண்டுவரவில்லை என்று நொந்துகொள்வதில் என்ன பொருள்? கதவைப் பூட்டினோமா என்று பேருந்து நிறுத்தத்தில் ஐயுறுகிறோம். பூட்டியதை நாம் மறக்கவில்லை. பூட்டும்போது மனம் அங்கே இல்லை.

நம் மொழி இதை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறது. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்னும் சொல்லுக்கு மறதி என்றும் பொருள் உண்டு, கவனக்குறைவு என்றும் பொருள் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்தக் கூர்மையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. இன்று அச்சொல் வழக்கில் இல்லாமற்போனது நமக்கு இழப்பே.

கவனம் எவ்வளவு சிறிய இடம் என்பதை வாழையிலையைக் கொண்டு விளக்கலாம். இலையின் அளவுக்குத்தான் பரிமாற முடியும். மேலும் வைத்தால் முன்பு வைத்தது கீழே சரியும். மனம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளையே ஏந்தும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் பலர் அவ்வெண்ணிக்கையை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டனர். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை அலைபேசியின் திரையில் வைத்திருப்பவருடைய இலையில் பாடத்திற்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? இரண்டையும் ஒருசேரச் செய்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவித் தாவி ஓடுகிறது. ஒவ்வொரு தாவலிலும் சிறிது சிந்திவிடுகிறது.

"அப்படியானால் சதாவதானிகள் நூறு செயல்களை எவ்வாறு கவனித்தார்கள்?" என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல வினா. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பி பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானத்தைத் தமிழில் கவனகம் என்பர். ஒருவர் முதுகில் விழும் கற்களை எண்ணச் சொல்வார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். இடையே மணி ஒலிக்கும். கவனகர் ஒவ்வொருவரிடமும் முறைவைத்துத் திரும்பி, அந்த நொடியில் அந்த ஒன்றையே முழுமையாகப் பற்றி, குறியிட்டு உள்ளே வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்கிறார். நூறு இடங்களில் சிதறிய மனம் அன்று அது; நூறு முறை ஒருமித்த மனம். அதற்குப் பின்னே பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது.

மனத்தை இவ்வாறு அளந்தறியும் கல்வி மைசூருக்குப் புதிதன்று. 1916இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டிலேயே உளவியல் துறை தொடங்கப்பட்டது. இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று வந்த எம். வி. கோபாலசாமி அதை நடத்தினார். (இவரே 1935இல் தம் வீட்டில் வானொலி நிலையம் ஒன்றை அமைத்தவர். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திற்கு உரியதாக இருந்து, பின்னர் நாட்டின் வானொலிக்கே பெயராயிற்று. பாடத்திற்குத் தொடர்பில்லாத செய்திதான். மைசூர்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை.)

என் மாணவியிடம் திரும்புவோம். "எத்தனை மணிக்கு உறங்குகிறாய்?" என்று கேட்டேன். இரண்டு மணி ஆகும் என்றாள். கல்லூரிப் பேருந்துக்காக ஆறு மணிக்கு எழுகிறாள். நான்கு மணி நேர உறக்கம்! பகலில் பெற்ற செய்திகளை மூளை அடுக்கி நிலைப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி உறக்கத்தில்தான் நடைபெறுகிறது. மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்றோர் உறுப்பு உண்டு. பகலின் பதிவுகள் அங்கே மீண்டும் எழுப்பப்பட்டு, மூளையின் மேற்பரப்பில் நிலைகொள்கின்றன. பதினெட்டு வயது கடந்தவருக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை. உங்கள் வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். தேர்வுக்கு முந்தைய இரவில் கண்விழித்துப் படிப்பவர், ஓட்டைப் பானையில் நீர் நிரப்புகிறார்.

இரண்டு மணி வரை என்ன செய்தாய் என்று கேட்டபோது அவள் தலைகுனிந்தாள். படிப்பு பதினொன்றுக்கு முடிந்துவிடும், பிறகு அலைபேசி. இதில் அவளை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. விரலைத் தள்ளத் தள்ள முடிவின்றி வரும்படி அக்காட்சிகளைத் திட்டமிட்டே அமைத்திருக்கின்றனர். இதிலிருந்து மீள இயலாமல் தவிப்போருக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது என்றால், இதன் தீவிரத்தை உணரலாம்.

அவள் படித்த முறையிலும் பிழை இருந்தது. படித்ததையே மீண்டும் மீண்டும் படித்தாள். செருமானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் நழுவியது. ஆகவே மறத்தல் இயல்பு. அதைத் தடுப்பது, மறக்கத் தொடங்கும் வேளையில் நூலை மூடிவிட்டு நினைவுகூர முயல்வதே. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தனர். மற்றவர் நூலைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவரே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர் வென்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் ஒப்புவித்தல் இருந்ததை இங்கே எண்ணிப் பாருங்கள். பொருள் அறியாது ஒப்புவித்தலை நான் ஆதரிப்பவள் அல்லேன். ஆனால் பாராமல் சொல்லிப் பார்த்தல் என்னும் அப்பழக்கத்தை மட்டும் கைவிட்டிருக்க வேண்டாம்.

இவ்வளவும் கேட்டபின், அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. மறுநாளே மருத்துவரிடம் அனுப்பினேன். குருதிச் சோகை என்பது உறுதியாயிற்று. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும் ஆண்களில் 31 பேருக்கும் குருதிச் சோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் உடல் சோர்வதோடு கவனமும் தளர்கிறது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு சுரப்பி மந்தமாதலும் இவ்வாறே செய்யக்கூடும். இவை யாவும் குருதிச் சோதனையில் தெரியும், மருத்துவத்தால் சீர்படும். இத்தகைய குறையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன்னை அறிவிலி என்று கருதிப் படிப்பை விட முனைந்தாளே என்பதுதான் என்னை வருத்தியது. தேர்வுக் காலத்தில் விற்கப்படும் 'நினைவாற்றல் பெருக்கி' மருந்துகள் நலமாக உள்ளவரின் நினைவை உயர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அப்பணத்தில் முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் வாங்கலாம். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கவலையும் கவனத்தைத் தின்னும். நான் மைசூருக்குப் பணிமாற்றம் பெற்று வந்த முதல் ஆண்டில், ஊரில் நோயுற்றிருந்த என் தாயின் நினைவிலேயே அடுப்பில் வைத்த பருப்பை மூன்று முறை கருகவிட்டேன். அது மறதி அன்று. இலை முழுவதும் கவலை நிறைந்திருந்தது. துயரமோ அச்சமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காமல், படிப்பும் பசியும் உறக்கமும் கெடுமானால் பெரியோரிடம் கூற வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் செயற்படும் 'டெலி மானஸ்' என்னும் அரசு உதவி எண் 14416, கட்டணம் இல்லை. கன்னடத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பேசலாம். சிலருக்குக் கவனக்குறைவு சிறுவயதிலிருந்தே தொடர்ந்து வரும் ஒரு குறைபாடாக இருக்கும். சோம்பல் என்று திட்டுவதால் அது தீராது. அதற்கும் மருத்துவம் உண்டு. தலையில் அடிபட்ட பின் மறதி தோன்றினாலோ, பழகிய தெருவிலேயே வழி தெரியாமற்போனாலோ காத்திருத்தல் கூடாது.

உங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் நீங்கள், "சொல் நாவில் நிற்கிறது, வரவில்லை" என்று அடிக்கடி தவிக்கிறீர்கள். ஊருக்குச் சென்றால், "இதுகூட மறந்துவிட்டதா?" என்று உறவினர் சிரிக்கின்றனர். இது நினைவுக் குறைவன்று. ஒரு பொருளுக்கு நான்கு பெயர்கள் மனத்தில் இருக்கும்போது, அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சற்று நேரம் ஆகும். பன்மொழி பேசுவோர் எவர்க்கும் உள்ளதே இது. நம் 'நினைவு' கன்னடத்தில் 'நெனபு'. நம் 'மறதி' 'மரெவு'. இவ்வளவு நெருங்கிய சொற்கள் ஒரே வாசலில் முட்டி மோதாமல் என்ன செய்யும்?

அம்மாணவி இவ்வாண்டு மூன்றாம் ஆண்டிற்குச் சென்றுவிட்டாள். இரவு பதினொன்றுக்கு அலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாளாம். சில நாள் கொடுப்பதில்லை என்பதையும் மறைக்காமல் கூறினாள். சென்ற மாதம் வந்தபோது தன் குடையை என் வீட்டிலேயே விட்டுச் சென்றாள். அது இன்னும் கதவுக்குப் பின்னே தொங்குகிறது.

இனி உங்கள் முறை. பயிற்சி ஏட்டை மூடிவையுங்கள். பாடத்தின் தொடக்கத்தில் படித்த ஏழு சொற்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். சொல் வரவில்லையென்றால் பக்கத்தைப் புரட்டாதீர்கள்; அந்தப் பழைய வீட்டின் வாசலில் ஏறி, உள்ளே நடந்து, பின்புறம் வரை சென்று தேடுங்கள். நாளை வகுப்பு தொடங்கியவுடன் மீண்டும் ஒருமுறை எழுதச் சொல்வேன்.