பழைய வீட்டு நடைக்கு எந்தச் சாயம்?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் சாயப் பேச்சு தொடங்கிவிடும். முன்கூடத்துக்கு என்ன நிறம், சாமி அறைக்கு என்ன நிறம் என்று குடும்பமே கூடி யோசிக்கும். நடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூடத்திலிருந்து சமையற்கட்டுக்குப் போகும் அந்த ஒடுங்கிய வழியில்தான் நாள் முழுவதும் எல்லாரும் நடக்கிறோம். இருந்தாலும் கூடத்துக்கு வாங்கிய டின்னில் மிச்சம் கிடந்தால்தான் அது நடைக்குப் போகிறது. வீட்டிலேயே இருட்டான இடத்துக்கு மிச்சச் சாயம்!

லயத்தில் குடியிருந்த காலத்தில் இந்த யோசனைக்கே இடமில்லை. நிறத்தைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. சுண்ணாம்பு வெள்ளை அடித்துவிட்டுப் போவார்கள். மனம் கேட்காத இல்லத்தரசிகள் உள்சுவருக்குத் துணி நீலத்தைக் கொஞ்சம் கலந்து தாங்களே இன்னொரு தடவை அடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் நமக்கிருந்த உரிமை. இன்றோ, தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்கள் கைச் சேமிப்பையும் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் போட்டுப் பட்டணத்தில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கின்றன. சுவர் நம்முடையது, நிறமும் நம் விருப்பம். ஆகவே கொஞ்சம் நிதானித்துச் செய்யலாம் அல்லவா?

வரிசை வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் அப்பால் அண்டை வீடுகள் இருப்பதால் அங்கே சன்னல் வைக்க வழியில்லை. முன்வாசலிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் வரும் வெளிச்சம் நடுவில் உள்ள நடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடும். வந்த கொஞ்சத்தையும் சுவர் விழுங்கிவிட்டால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதுதான். பத்துப் பங்கு வெளிச்சம் விழுந்தால் நல்ல வெள்ளைச் சுவர் ஏறக்குறைய எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். பாலாடை நிறமும் வெளிர் மஞ்சளும் ஏழு பங்கு வரை தரும். அடர் பச்சையும் காப்பிக்கொட்டை நிறமும் ஒரு பங்கு தந்தாலே பெரிது.

அப்படியானால் வெள்ளையே அடித்துவிடலாமே என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். வெள்ளை தானாக ஒளி விடுவதில்லை, விழுந்ததைத்தான் திருப்பித் தருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது பழைய வேட்டி போலச் சாம்பல் பூத்து நிற்கும். சற்றே மஞ்சள் சாயல் கலந்த பாலாடை நிறமோ, மிக வெளிர்ந்த சந்தன நிறமோ அதே இடத்தில் கதகதப்பாகத் தெரியும்.

இப்போது பல வீடுகளில் சாம்பல் நிறம் வேறு புகுந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் பார்த்த படத்தைக் காட்டி மகன் சாம்பல் நிறம் கேட்பான். தாய் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"ஏன்டா தம்பி, இது என்னடா கலரு? மழைக்கு இருட்டிக்கிட்டு நிக்கிற வானம் மாதிரி இருக்கு!"

"இப்ப எல்லா வீட்லயும் இதாம்மா அடிக்கிறாங்க."

இந்த விவகாரத்தில் நான் தாய் பக்கம். அந்தப் படத்தில் உள்ள வீட்டுக்குச் சுவர் அகலத்தில் கண்ணாடிச் சன்னல் இருக்கும். நம் நடைக்கு அது எங்கே இருக்கிறது?

கடையில் கொடுக்கும் நிற அட்டையை நம்பி ஏமாறுவதற்கும் காரணம் உண்டு. நடையில் இரண்டு சுவர்கள் மூன்று நான்கு அடி இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு சுவரில் பட்ட ஒளி அதன் நிறத்தை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவரில் விழுகிறது, அங்கிருந்து மறுபடி திரும்புகிறது. இப்படிப் போய்ப்போய் வருவதால் அட்டையில் இளமஞ்சளாக இருந்தது நடையில் மாம்பழ மஞ்சளாகிவிடும். ஆகவே அட்டையில் உங்களுக்குப் பிடித்த கட்டத்தை விட ஒரு படி, முடிந்தால் இரண்டு படி வெளிர்ந்ததையே கேளுங்கள்.

தரையும் தன் பங்குக்கு வேலை செய்யும். பழைய வீடுகளில் மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புச் சிமெண்டுத் தரை இருக்கும். அதன் சிவப்பு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும். இளஞ்சிவப்புச் சாயலுள்ள நிறத்தை அங்கே அடித்தால் வீடே வெட்கப்படுவதுபோல் ஆகிவிடும். பின்வாசலில் வாழையும் கறிவேப்பிலையும் அடர்ந்திருந்தால் உள்ளே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். அந்த வீட்டில் வெளிர் பச்சைச் சுவர் முகத்தை நோயாளி முகம்போல் காட்டும். விளக்கையும் மறக்க வேண்டாம். பெட்டியில் 6500 என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை ஒளி, 3000 அல்லது 2700 என்றால் மஞ்சள் ஒளி. பாலாடை நிறச் சுவருக்கு 3000 பொருத்தம்.

ஆகவே வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடுங்கள். சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையிலோ தடித்த அட்டையிலோ இரண்டு தடவை பூசி நன்றாகக் காயவிடுங்கள். தண்ணிச் சாயம் ஈரத்தில் வெளிர்ந்து தெரியும், காய்ந்த பிறகு பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும். அந்தப் பலகையை நடையின் மிக இருட்டான மூலையில் சாய்த்து வைத்துக் காலை, நடுப்பகல், விளக்கேற்றிய பின் என்று மூன்று வேளையும் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, நிறத்தை விட முக்கியமான சங்கதி ஒன்று. பழைய சுவரில் ஓதம் இருக்கிறதா?

அடிப்பக்கம் உப்புப் பூத்து, சாயம் அப்பளம்போல் எழும்பி நிற்கிறதென்றால் எந்த நிறமும் அங்கே நிலைக்காது. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இடைவெளியின்றி நாடா ஒட்டிச் சுவரில் பதியுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் கட்டியிருந்தால் அது காற்றின் ஈரம். சுவருக்குள் ஈரம் என்றால் குளியலறைக் குழாய் கசிகிறதா, கூரைத் தாழ்வாரம் ஒழுகுகிறதா என்று பார்த்துச் சரிசெய்த பின்பே சாயம். புதிதாகச் சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தால் நான்கு வாரமாவது ஆறவிட வேண்டும். தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓதமேறிய நடையைப் பண்டிகைக்கு முதல் வாரம் அவசரமாக மூடினால் பொங்கலுக்குள் கொப்புளம் கிளம்பும். அப்படிப்பட்ட சுவரை இந்தத் தீபாவளிக்கு விட்டுவிடுங்கள். வருகிறவர்கள் பலகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

நம் முன்னோர் அடித்த சுண்ணாம்புக்கு இதில் ஒரு நன்மை இருந்தது. அது சுவரை மூச்சுவிட விடும். உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். பினாங்கு லீத் சாலையில் நீல மாளிகை என்று பெயர் பெற்ற சியோங் ஃபாட் சீ மாளிகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு அது. அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. அவுரி நீலம் அந்நாளில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. நம் லயத்து இல்லத்தரசிகள் வாளியில் நீலம் கலந்ததும் கோடீஸ்வரர் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய ஒரே வேலைதான்! போருக்கு முன் கட்டிய செங்கல் வீடோ கடைவீடோ உங்களுடையதானால், சுண்ணாம்பையே தொடர்வது நல்லது. அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற சாயத்தைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சுவரில் இருப்பது சுண்ணாம்பா என்று அறிய உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். ஓதமில்லாத சுவரில் அதன்மேல் தண்ணிச் சாயம் அடிக்கத்தான் வேண்டுமென்றால், பொடி போகச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, சீலர் ஒரு தடவை பூசிய பிறகே தொடங்க வேண்டும். கரும்பூஞ்சை இருந்தால் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

கதவு, நிலை, சன்னல் கம்பி ஆகியவற்றில் உள்ள பழைய எண்ணெய்ச் சாயத்தில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கலாம். 1970, 1980-களில் அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 1978-இல் தடை செய்தது. ஈயத்தில் 'இவ்வளவு வரை பாதகமில்லை' என்ற அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். ஆகவே பழைய சாயத்தை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ தீயால் சுடவோ கூடாது. நனைத்துத் தேய்த்து, விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ இருக்கட்டும்.

பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களிலும் சுவரின் கீழே நான்கடி வரை அடர்நிற எண்ணெய்ச் சாயமும் மேலே வெளிர் நிறமும் அடித்திருப்பார்கள். பிள்ளைகள் கை தேய்த்துக்கொண்டு ஓடும் நடைக்கு அது இன்றும் நல்ல ஏற்பாடு. சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம். சுவரடி காய்ந்திருக்க வேண்டும், அது மட்டுமே நிபந்தனை. மேற்கூரைப் பலகைக்கு மினுக்கமில்லாத வெள்ளை போதும்.

வயதானவர்கள் உள்ள வீடென்றால் கதவு நிலைகளைச் சுவரை விட அடர்ந்த நிறத்தில் அடியுங்கள். வயதாக ஆகக் கண்ணின் உள்வில்லை மஞ்சளாகும். கண்புரையும் சேர்ந்தால் வெளிர் நீலமும் வெளிர் சாம்பலும் ஒன்றாகத் தெரியும், எது கதவு எது சுவர் என்று தடுமாறுவார்கள். பழைய வீடுகளில் நடை முடிந்து சமையற்கட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். அந்தப் படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். இரவில் தண்ணீர் குடிக்க எழும் தாத்தாவுக்கு அது விளக்கு மாதிரி.

கடைசியாகக் கணக்கு. 20 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் இரண்டு சுவரும் சேர்ந்து 360 சதுர அடி. மூன்று கதவுகளுக்கு 60 போனால் 300. இரண்டு தடவைக்கு 600 சதுர அடி. தண்ணிச் சாயம் லிட்டருக்குச் சுமார் 110 சதுர அடி ஓடும். எனவே 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் ஒன்றும் போதும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே எண்ணில் கலக்கச் சொல்லி, அடிப்பதற்கு முன் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். கீழ்ப்பகுதிக்கு எண்ணெய்ச் சாயம் என்றால் அந்த அளவை இதில் கழித்துத் தனியே வாங்க வேண்டும். மிச்சமாகும் அரை லிட்டரை இறுக மூடி, மூடியில் நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். சைக்கிள் கைப்பிடி உரசிய இடத்தைத் தொட்டுவிட உதவும்.