கோப்புக்கும் வரிசையா?

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறும் வாசகர், கைபேசியில் லிப்பி செயலியைத் திறக்கிறார். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை அதில் இரவல் பெறலாம். தேடிய நாவல் இருக்கிறது. ஆனால் காத்திருக்கச் சொல்கிறது திரை. நொடியில் படியெடுக்கக்கூடிய கோப்புக்கு வரிசை எதற்கு? எரிச்சல் நியாயமானதே.

தாமதத்துக்குக் காரணம் இணைய வேகம் அல்ல, ஒப்பந்தம். அச்சு நூலை வாங்கிவிட்டால் அது நூலகத்தின் உடைமை. மின்னூலுக்கோ உரிமம் மட்டுமே கிடைக்கிறது. ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே படிக்கலாம் என்பது பல பதிப்பகங்களின் நிபந்தனை. கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். தவணை முடிந்ததும் அதைத் திறக்கும் சாவி செல்லாது. இரவல் 21 நாள், உரிமங்கள் இரண்டு, முன்னால் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இன்றுதான் இரவல் போயிருந்தால் 63 நாள் வரை காத்திருக்க நேரும். யாரேனும் முன்கூட்டியே திருப்பினால் வரிசை நகரும்.

அமெரிக்காவில் 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம் இன்னும் இறுக்கியது: புது மின்னூல் வெளியாகி முதல் எட்டு வாரம், ஒரு நூலக அமைப்புக்கு ஒரே பிரதி. நூலகங்கள் கொதித்தெழுந்தன. 2020 மார்ச்சில் அந்த விதி கைவிடப்பட்டது. விற்பனை சரியும் என்ற பதிப்பாளரின் அச்சம் புரிகிறது. ஆனால் அதன் சுமையை வாசகர் தலையில் ஏற்றுவது முறையல்ல.

வேறு வழியும் உண்டு: நூலகமும் சமூகமும் சேர்ந்து நூல்களைத் தாமே மின்னாக்குவது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் ஆர்வலர்கள் தேசிய நூலக வாரியத்தோடு கைகோத்து, 1965 முதல் வெளியான சுமார் 350 உள்ளூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கினார்கள்.