கேட்காத குரலோடு மோதுவது

பொம்மையார்பாளையத்துக் கரையிலிருந்து விடியுமுன்பே ஃபைபர் படகுகள் இறங்கிவிடும். வயர்லெஸ் செட் இருக்கும் படகில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "மச்சான், பாடு எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். பதில் வரும் அதே நொடியில் மூன்றாவது படகுக்காரரும் மைக்கை அழுத்தினால் ஸ்பீக்கரில் 'கீ' என்று இரைச்சல்தான். அல்லது கிட்டத்துப் படகின் குரல் மட்டும் கேட்டு, தூரத்துக் குரல் அடியோடு காணாமல் போகும். பேசிய இருவருக்குமே இது தெரியாது. பட்டனை அழுத்தியிருக்கும்வரை செட்டின் காது அடைத்திருக்கும்.

இதற்கு மோதல் என்று பெயர். ஒரே அலைவரிசையைப் பலர் பங்குபோடும் இடத்தில் எல்லாம் இது உண்டு, உங்கள் வீட்டு வைஃபையிலும்.

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வயர்லெஸ்ஸில் இணைத்தார்கள். விதி எளிது: தகவல் இருந்தால் அனுப்பு, 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு. அந்தக் 'கொஞ்ச நேர'த்தில்தான் சூட்சுமம். மோதிய இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடி மோதுவார்கள். ஆகவே யார் எவ்வளவு காத்திருப்பது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். அப்படியும் அலைவரிசையின் நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது என்று கணக்கு சொன்னது.

வைஃபை ஒரு படி மேல். முதலில் காது கொடுக்கும். அமைதி என்றால் 0 முதல் 15 வரை குலுக்கலில் ஓர் எண்ணை எடுத்து, எண்ணுக்கு 9 மைக்ரோ நொடி வீதம் கீழ்நோக்கி எண்ணும். நடுவே யாராவது பேசினால் எண்ணுவதை நிறுத்திவைக்கும். மோதிவிட்டால் குலுக்கலின் எல்லை 31, 63 என்று இரட்டித்து 1023 வரை போகும். கூட்டம் சேரச் சேரத் தானாகவே ஒதுங்கி நிற்கும் இந்த நாகரிகத்தை நம் ரேஷன் கடை வரிசையில் நான் பார்த்ததில்லை.

ஆனால் நம் காதுக்கே எட்டாத குரலை என்ன செய்வது? பொம்மையார்பாளையத்தில் 30 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா நிற்பதாக வைத்துக்கொள்வோம். படகின் ஆன்டெனா 2 மீட்டர். பூமியின் வளைவால், இரண்டு படகுகள் ஒன்றையொன்று கேட்பது சுமார் 12 கிலோமீட்டர் வரைதான்; கரையும் படகும் பேசிக்கொள்வதோ 28 கிலோமீட்டர் வரை. தெற்கே புதுச்சேரி துறைமுகத்துக்கு நேரே ஒரு படகு, வடக்கே கூனிமேட்டுக்கு நேரே இன்னொன்று. இரண்டும் காது கொடுத்துப் பார்க்கின்றன, இரண்டுக்கும் அமைதிதான், இரண்டும் பேசுகின்றன. மோதல் நடப்பது கரையின் காதில்.

எல்லாக் குரலும் எட்டுவது கரைக்குத்தான் என்பதால் அனுமதியும் அங்கிருந்தே வரவேண்டும். படகு முதலில் "பேசட்டுமா?" என்று சுருக்கமாகக் கேட்கும். "பேசு, இவ்வளவு நேரம்" என்று கரை சொல்லும். தெற்குப் படகின் கேள்வி வடக்குப் படகுக்குக் கேட்காது. கரையின் பதில் கேட்கும். அது வாயை மூடிக்கொள்ளும். 'பேசட்டுமா'க்களே மோதிக்கொண்டால்கூட நஷ்டம் சொற்பம். அமெச்சூர் வானொலிக்காரரான ஃபில் கார்ன் 1990-இல் முன்வைத்த யோசனை இது. பின்னர் வைஃபையிலும் இடம்பிடித்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான்.

கப்பல்களோ கரையை நம்புவதில்லை. தாம் இருக்கும் இடத்தை மற்றவற்றுக்கு அறிவிக்கும் அவற்றின் ஏ.ஐ.எஸ். கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் 2250 துண்டுகளாக நறுக்கி, ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பார்த்து, தன் துண்டில் மட்டும் பேசும். அடுத்து எந்தத் துண்டில் பேசப்போகிறது என்பதையும் அப்போதே அறிவித்துவிடும். கேட்கும் மற்ற கப்பல்கள் அந்தத் துண்டைத் தொடாது. சிறு படகுகளுக்கான எளிய வகைக் கருவி, துண்டு தொடங்கும்போது காது கொடுத்து, காலியாக இருந்தால் மட்டும் வாய் திறக்கும்.

படகு வயர்லெஸ்ஸில் குலுக்கலும் இல்லை, துண்டும் இல்லை. அங்கே எல்லாம் மனிதரின் விரலில்தான். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லி விரலை எடுங்கள். உப்பேறிய பட்டன் அழுந்தியபடியே நின்றுவிட்டால், 16-ஆம் சேனலில் ஆபத்துக்குக் கூப்பிடும் குரல் பக்கத்துப் படகுக்குக்கூடக் கேட்காமல் போகலாம். கடலில் இறங்குமுன் அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள்.