வீட்டில் பிரின்ட் கொடுத்தால் ஆபீஸில் பேப்பர் வருகிறதா?

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை பார்க்கும் கணக்காளர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு சோதனை வரும். சம்பளப் பட்டியலை முடித்துவிட்டு பிரின்ட் கொடுப்பார்கள். பக்கத்திலிருக்கும் பிரின்டர் அசையாது. மறுபடி கொடுப்பார்கள், மறுபடியும். மறுநாள் காலை, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற விவரம் ஆபீஸ் பிரின்டரில் மூன்று பிரதிகளாகக் கிடக்கும்!

பிரின்டர் மேல் தப்பில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையும் கீபோர்டும்தான் வீட்டில் இருக்கின்றன. வேலை செய்வது ஆபீஸ் கம்ப்யூட்டர். அது தனக்குத் தெரிந்த பிரின்டருக்குத்தான் அனுப்பும். வீட்டு பிரின்டர் அதற்கு அறிமுகமாவது பெரும்பாலும் இணைப்பு தொடங்கும்போதுதான். அந்த அறிமுகம் தவறிவிட்டால், பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பேப்பர் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தாமல், ஆபீஸ் பிரின்டரின் க்யூவைத் திறந்து, காத்திருக்கும் பிரின்ட்டை கேன்சல் செய்வதே முதல் வேலை. அந்த பிரின்டர் அப்போது ஆஃப் ஆகியிருந்தால் தப்பித்தீர்கள்.

அடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாக ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும். அதுவே வரவில்லை என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்தால், இணைப்பைத் தொடங்கும் முன் 'ஷோ ஆப்ஷன்ஸ்', அதில் 'லோக்கல் ரிசோர்ஸஸ்', அங்கே 'பிரின்டர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்கலாம். பாதிப் பேரின் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும். டிக் செய்ததை 'ஜெனரல்' பக்கத்தில் சேவ் செய்ய மறந்தால், டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் அடுத்த முறை பழையபடியே திறக்கும்.

அதன் பிறகு உள்ளே போனால், வீட்டு பிரின்டரின் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் தெரியும். வில்லங்கமே அந்த எண்ணில்தான். புதிதாக நுழையும்போது அது மாறக்கூடும். நேற்று 2, இன்று 3. பிரின்டரைப் பெயரை வைத்து நினைவில் கொள்ளும் பில்லிங் சாஃப்ட்வேர் பழைய பெயரைத் தேடிவிட்டு, கிடைக்காமல் ஆபீஸ் பிரின்டருக்கே போய்விடலாம். அதனால் ரகசியமான எதையும் அனுப்பும் முன் பெயரை ஒருமுறை படிப்பது நல்லது.

டிக் இருந்தும் பெயரே தெரியவில்லையா? ஜன்னலை வெறுமனே மூடினால் இணைப்பு மட்டும்தான் அறும், உள்ளே வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'சைன் அவுட்' செய்து மறுபடி நுழைய வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். வீட்டு பிரின்டர்கள் உள்ளே வரக் கூடாது என்று பாலிசியில் தடை இருக்கிறதா? 'பிரின்ட் ஸ்பூலர்' ஓடுகிறதா? 2021-ல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, தற்காப்பாக ஸ்பூலரை நிறுத்தும் வழியை மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. தடை வேண்டுமென்றே போடப்பட்டதாக இருந்தால் அவரோடு மல்லுக்கட்டாமல் இருப்பதே நியாயம்.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்களின் கதை தனி. விண்டோஸ் சர்வர் 2008-ல் வந்த 'ஈஸி பிரின்ட்' வசதியால், ஆபீஸ் பக்கம் டிரைவர் போடாமலே பெரும்பாலான பிரின்டர்கள் வேலை செய்யும். ஆனால் அது பக்கத்தைப் படம்போல அனுப்புவதால், பழைய டாட் மேட்ரிக்ஸ் ஒரு பில்லுக்கே இழுத்து இழுத்து அடிக்கும், அளவும் பிசகும். இவர்களுக்கு ஈஸி பிரின்ட்டுக்கு முன்னுரிமை தரும் பாலிசியை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே டிரைவரைப் போடுவதுதான் வழி. அதையும் ஆபீஸ்காரர்தான் செய்ய வேண்டும்.

அதுவரை அவசரத்துக்கு, விண்டோஸ் 10 முதல் கூடவே வரும் 'பிரின்ட் டு பிடிஎஃப்' இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கி, காப்பி செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்து, அங்கிருந்து அடித்துக்கொள்ளலாம். சம்பளப் பட்டியல் என்றால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தங்கிவிடும் அந்த ஃபைலை மறக்காமல் அழித்துவிட வேண்டும், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.