ஒளிரும் பெயர்ப்பலகை: மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

கடையின் பெயரை இரவில் தெருவுக்குக் காட்டும் பலகையில் மூன்று பேரின் கைவேலை சேர்ந்திருக்கிறது. இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்பவர் ஒருவர், எழுத்தை வெட்டி ஒட்டுபவர் இன்னொருவர், கரண்ட் இணைப்புக் கொடுப்பவர் மூன்றாமவர். மூவரும் ஒரே நாளில் ஒரே ஏணியடியில் நிற்பது அரிது. பலகை பழுதானபின் கழற்றிப் பார்த்தால், விளக்கு தானாகச் செத்திருப்பது குறைவு. ஒருவர் போட்ட துளையை அடுத்தவர் அடைக்காமல் விட்டிருப்பார். ஒருவர் நீளமாக விட்ட ஒயரை அடுத்தவர் முறுக்கி டேப் சுற்றியிருப்பார். கோளாறு பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் குடியிருக்கிறது.

ஒளிரும் எழுத்தின் வரலாற்றில் நியானுக்குப் பெரிய இடம் உண்டு. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்த இந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஒளிரச் செய்து காட்டினார் ஜார்ஜ் குளோட். நியான் செம்மஞ்சளாக ஒளிரும். நீலத்துக்கு ஆர்கானும் பாதரசமும் வேண்டும். குழாயை எரியவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை என்பதால் அது எப்போதும் தனித்திறன் கேட்கும் தொழிலாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள் ட்யூப்லைட்டை அடுக்கி, முன்னால் அச்சிட்ட ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டும் ‘க்ளோ சைன்’ கடைத்தெருக்களைப் பிடித்தது. இப்போது அந்த இடம் எல்.இ.டி.யுடையது. அதை வெள்ளை ஒளிக்குக் கொண்டுவந்த நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடைக்காரர் ‘3டி எழுத்து’ என்று கேட்பது, ஏ.சி.பி. எனும் அலுமினியக் கூட்டுத் தகட்டின்மேல் அக்ரிலிக் முகமும் உள்ளே எல்.இ.டி. மாட்யூலும் வைத்துப் பொருத்திய உப்பலான எழுத்தைத்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எழுத்தின் அளவு. ஓர் அங்குல உயரமுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தெளிவான சூழலில் ஏறத்தாழ 30 அடி தொலைவு வரை படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கு. வண்டியில் போகிறவர் சிரமமின்றிப் படிக்க அதில் பாதியை எடுத்துக்கொள்வது நல்லது. தமிழுக்கு இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. ‘ழ’, ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றில் சுழிகள் நெருங்கியிருக்கின்றன. ஒளிரும்போது சுழிக்குள் வெளிச்சம் வழிந்து அடைத்துக்கொள்ளும். கணினித் திரையில் அழகாக இருந்த தடித்த எழுத்துரு இரவில் வெறும் வெளிச்சக் கட்டியாகத் தெரிவது இதனால்தான். கோடு சற்று மெலிந்து, உள்வெளி அகன்ற எழுத்துருவே பலகைக்குப் பொருந்தும்.

தமிழ்ப் பலகைக்கென்றே உள்ள இன்னொரு சிக்கல் மெய்யெழுத்தின் புள்ளி. உப்பலான எழுத்தில் அது தனிக் கிண்ணமாக நிற்கும். அதற்குள் ஒரு மாட்யூலுக்கு மேல் கொள்ளாது. சில அளவுகளில் ஒன்றுகூடக் கொள்ளாது. பசையில் மட்டும் நிற்கும் புள்ளி வெயிலில் காய்ந்து முதலில் விழும். ஒயர் தனியாகப் போவதால் முதலில் அணைவதும் அதுவே. அப்போது ‘பல் மருத்துவமனை’ இரவோடிரவாகப் ‘பல மருத்துவமனை’ ஆகிவிடும். புள்ளியைத் திருகாணியால் தனியே இறுக்கச் சொல்வதும், அதன் விட்டத்தை மாட்யூலின் நீளத்துக்குக் குறையாமல் வரையச் சொல்வதும் வடிவமைப்பு நிலையிலேயே நடக்க வேண்டியவை. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்களுக்கான விதி சொல்கிறது. தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்பது அதன் விகிதம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துப் பலகை செய்தபின் மூலையில் தமிழைச் சேர்த்தால், விதிக்கும் ஒவ்வாது, பார்வைக்கும் ஒவ்வாது.

அடுத்தது வெளிச்சத்தின் சீர்மை. அக்ரிலிக் முகத்தில் அம்மைத் தழும்புபோல வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தால், மாட்யூல்கள் எழுத்தின் ஆழத்தைவிட அதிக இடைவெளியில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். இரண்டு மாட்யூல்களுக்கு நடுவிலான தூரம் எழுத்தின் ஆழத்தை மீறாதிருந்தால் ஒளி கலந்து வரும். மூன்று அங்குல ஆழத்துக்குப் போட்ட திட்டத்தைச் செலவு குறைக்க இரண்டு அங்குலமாக்கினால், மாட்யூல்களைக் கூட்டவும் வேண்டும். சிவப்பு முகத்துக்குப் பின்னால் வெள்ளை மாட்யூல் வைப்பதும் வீண். வெள்ளையிலுள்ள பச்சையையும் நீலத்தையும் சிவப்பு அக்ரிலிக் விழுங்கிவிடும். மின்சாரம் முழுதாகச் செலவாகி, வெளிச்சம் கொஞ்சமாக வரும். சிவப்புக்குச் சிவப்பு மாட்யூலே சரி.

‘முதல் எழுத்து பளிச், கடைசி எழுத்து மங்கல்’ என்பது மிகப் பொதுவான புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் மாட்யூல் அல்ல, ஒயர். 1.2 வாட் மாட்யூல்கள் 120 கொண்ட ஒரு பலகையை எடுத்துக்கொண்டால், மொத்தம் 144 வாட்; 12 வோல்ட்டில் அது 12 ஆம்பியர். மின்மாற்றுப் பெட்டியை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, கடைக்குள் வைத்து 8 மீட்டர் தொலைவுக்கு ஒன்றரைச் சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்தால், போக வர 16 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.19 ஓம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் சாதாரண மாட்யூலில் வரிசையாக உள்ள மூன்று வெள்ளை எல்.இ.டி.க்களே 12 வோல்ட்டில் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்கின்றன. மீதி 3 வோல்ட்தான் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் மின்தடைக்கு உரியது. நீண்ட ஒயர் அந்த மூன்றில்தான் பங்கு கேட்கிறது. விளைவு, 12 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 7 ஆம்பியர்கூடப் பாயாது. இதே ஒயரில் 230 வோல்ட்டைக் கொண்டுபோய்ப் பலகையருகே 12 வோல்ட்டாக மாற்றினால் இழப்பு 0.15 வோல்ட்டைத் தாண்டாது. ஆகவே எஸ்.எம்.பி.எஸ். பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஒயர் தடிமனாக வேண்டும். எழுத்துகளையும் ஒரே சங்கிலியாகக் கோக்காமல், இரண்டு மூன்று பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுப்பதே முறை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திறனை முழுதாகக் கறக்கவும் கூடாது. பத்தில் எட்டுப் பங்குக்குமேல் சுமை ஏற்றாதிருப்பதே சரி. 144 வாட் பலகைக்கு 150 வாட் பெட்டி மலிவாகக் கிடைக்கும், முதல் கோடையோடு போய்விடும். அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகிறது. மேற்குப் பார்த்த ஏ.சி.பி. பலகையின் முதுகுப்புறம் மே மாத மாலையில் எவ்வளவு சுடும் என்பதைக் கையை வைத்துப் பார்த்தவர்கள் 200 அல்லது 250 வாட் பெட்டியே கேட்பார்கள். ஓட்டை ஓட்டையான உறை கொண்ட பெட்டி உள்ளறைக்கானது. வெளியே வைக்க மழை தாங்கும் வகை தனியாக விற்கிறது.

மழையைப் பற்றிய பொதுவான தவறு, பலகையை முழுக்க அடைத்துவிடலாம் என்று நம்புவது. பகலில் சூடேறி விரியும் காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அடைக்க அடைக்க உள்ளே வியர்த்து நீர் சேரும். எனவே மேல்விளிம்பையும் பக்கங்களையும் அடைத்து, ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ஐந்தாறு மி.மீ. வடிதுளை விட வேண்டும். ஒயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேறினால், அதன் வழியே ஓடிவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மாட்யூலில் அச்சிட்டிருக்கும் ‘ஐபி 67’ என்ற நீர்காப்புச் சான்று மாட்யூலுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு மாட்யூலுக்கு நடுவே வெட்டி முறுக்கிய இணைப்புக்கு அந்தச் சான்று கிடையாது. அடைக்கப் பயன்படும் சிலிகானிலும் கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். மின் இணைப்புகளுக்கு அருகில் வாடையில்லாத நடுநிலை வகையே ஏற்றது.

பல்லியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு வெதுவெதுப்பான எஸ்.எம்.பி.எஸ். உறை என்று ஒரு சிறு உலகம் அங்கே உருவாகிறது. இரு முனைகளுக்கிடையில் பல்லி படுத்தால் அதுவும் போகும், பெட்டியும் போகும். வடிதுளைக்கும் காற்றுத்துளைக்கும் மெல்லிய வலை போதும்.

உயிருக்கு ஆபத்தான பகுதி பலகையின் உலோகச் சட்டம். 12 வோல்ட் யாரையும் அடிக்காது என்ற நிம்மதி பாதி உண்மைதான், எஸ்.எம்.பி.எஸ். வரை வருவது 230 வோல்ட். அந்த ஒயரின் உறை கிழிந்து சட்டத்தைத் தொட்டால், சட்டம் இரும்பு ஷட்டரோடு ஒட்டியிருந்தால், காலையில் நனைந்த தரையில் நின்று ஷட்டரைத் தூக்குகிறவரின் கைக்கு மின்சாரம் வரும். சட்டத்துக்கு முறையான எர்த், பலகைக்கென்று தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றில் எதையும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மழைநாளில் பலகை அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுப்பதைப் போன்ற கொடிய வைத்தியம் வேறில்லை. அந்த ட்ரிப் கசிவைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாட்டும் நாளுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. தெருவோர மின்கம்பிகளுக்கும் கட்டடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் விட வேண்டும் என்பது 11 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்கான விதி. அந்த இடைவெளிக்குள் பலகை நீண்டுவிடக் கூடாது. 20 அடி இரும்புச் சட்டத்தைச் சாரத்தில் ஏற்றித் திருப்பும்போது அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கத் தனியாக ஓர் ஆள் கீழே நிற்க வேண்டும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தியபின் ஏற்றுவதே வழி.

காற்றின் கணக்கு பலரை வியப்பில் ஆழ்த்தும். கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகமாக வினாடிக்கு 50 மீட்டரையும், கோவை, மதுரைக்கு 39 மீட்டரையும் வைத்திருக்கிறது. வேகத்தை அதனாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். சென்னையில் அது 1,500. ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். 20 அடிக்கு 4 அடிப் பலகையின் பரப்பு 7.4 சதுர மீட்டர்; அதன்மேல் விழுவது 1,100 கிலோவுக்கு மேல். பலகையின் சொந்த எடை நூறு கிலோகூட இல்லாமல் இருக்கலாம். ஆக, ஆங்கர் போல்ட் தாங்க வேண்டியது எடையை அல்ல, புயலை. காற்று தள்ளுவதோடு நில்லாமல் உறிஞ்சி இழுக்கவும் செய்யும். சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காட்டியது இதைத்தான். 2024 மே 13இல் மும்பை காட்கோபரில் பெரும் விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தனர். கடைப் பலகையோடு ஒப்பிட முடியாத அளவு பெரியது அது, ஆனாலும் கணக்கு ஒன்றே.

எனவே சுவரைத் தட்டிப் பார்க்காமல் துளை போடக் கூடாது. கான்கிரீட் தூணிலும் உத்தரத்திலும் ஆங்கர் போல்ட் இறுகி நிற்கும். செங்கலில் அது விரியும்போது கல்லையே பிளக்கும். வெறும் பூச்சில் போட்டால் பூச்சோடு வரும். மொட்டைமாடியின் நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர்மேல் உயரமான பலகையை நிறுத்துவது சுவருக்குப் பாய்மரம் கட்டுவதற்கு ஒப்பு. செங்கல் சுவரை விட்டால் வழியில்லை என்றால், மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும்.

அக்ரிலிக்கும் அசையும். 8 அடி நீளத் தகடு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 5 மி.மீ. நீளும், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். இரண்டையும் நெருக்கித் திருகினால் திருகாணியைச் சுற்றிக் கீறல் விழும். துளையைத் திருகாணியைவிட இரண்டு மூன்று மி.மீ. பெரிதாகப் போட்டு வாஷர் வைப்பது இதற்காகத்தான். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. அங்கே அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகாணி நேரடியாகப் படும் இடம் அரித்துவிடும்; நடுவில் நைலான் வாஷர் வேண்டும்.

வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் முதலில். தெருப்பக்கம் நீண்டு தொங்கும் பலகைக்கு மாநகராட்சியோ நகராட்சியோ என்ன கேட்கிறது என்று செய்யக் கொடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். மாடியில் குடும்பங்கள் இருந்தால் மினுக்கும் விளக்கு சண்டையைக் கொண்டுவரும். டைமர் ஒன்று போட்டால் கடை மூடிச் சிறிது நேரத்தில் பலகையும் அணையும். ஈசல் வரும் மாலைகளில் கையால் அணைக்க ஒரு சுவிட்ச் வாசலருகே இருப்பது நல்லது.

பலகை எரியத் தொடங்கியதும் ஒப்படைப்பு முடிந்துவிடுவதில்லை. எந்த எழுத்துக்கு எந்த ஒயர், எஸ்.எம்.பி.எஸ். எங்கே, ஏணி வைத்து எப்படி எட்டுவது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஏ.சி.பி.யைப் பெயர்த்தால்தான் பெட்டியைத் தொட முடியும் என்று மாட்டிய பலகையில், பெட்டி மாற்றும் கூலி பெட்டியின் விலையை விஞ்சும். எல்.இ.டி. அணையும் முன் மெல்ல மங்கும். இரண்டாண்டு எரிந்த எழுத்துக்குள் புதிதாக வாங்கிய மாட்யூலைச் சேர்த்தால், அது தனியாகப் பளிச்சிடும், வெள்ளையின் சாயலும் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒதுங்கி நிற்கும். அதே தயாரிப்புத் தொகுப்பில் வந்த பத்து மாட்யூல்களை முதல் நாளே கேட்டு வாங்கிக் கல்லாவின் அடி இழுப்பறையில் போட்டு வைத்தால், சாயல் வேறுபாடாவது குறையும்.