உங்களுக்குத் தெரியுமா? மெக்சிகோ மார்கரிட்டாவும் மாட வீதி எலுமிச்சையும்

மார்கரிட்டாவுக்கு வேண்டியவை மூன்றே மூன்று: டெக்கீலா, ஆரஞ்சுத் தோல் மணம் ஏற்றிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு. கோப்பை விளிம்பில் கொஞ்சம் உப்பு. முதல் இரண்டுக்குக் காசு செலவாகும். சாறும் உப்பும் சில்லறைச் செலவு. ஆனால் வீட்டில் கலக்கும்போது ருசி கெடுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சமாச்சாரங்களில்தான்.

◆ மெக்சிகோவில் பரவலாகப் பிழியும் சின்ன, மெல்லிய தோல் பழமும் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கூறு கட்டி விற்கும் எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியாவில் பிறந்த பழம் இது. அரபு வணிகர்கள் மேற்கே கொண்டுபோனார்கள். ஸ்பானியர்கள் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்தில் நட்டார்கள். இதன் பூர்வீகத்தை மரபணு ஆய்வாளர்கள் துருவிப் பார்த்துவிட்டார்கள்: ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ் காட்டு வகை ஒன்று, மறுபக்கம் நார்த்தங்காய்க்கு உறவான சிட்ரான். ஆக, கோலவிழி அம்மனுக்கு மாலையாகக் கோக்கும் பழத்தை மெக்சிகோக்காரர் கோப்பையில் பிழிகிறார்.

◆ அமெரிக்கச் சமையல் குறிப்புகள் 'ஒரு பழம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். அங்கே கடையில் கிடைப்பது பெர்சிய வகை. உருவத்தில் பெரியது, விதை கிடையாது, புளிப்பு கொஞ்சம் மட்டு. நம் பழம் இரண்டு பிழிந்தால்தான் அந்த அளவு சாறு வரும். புளிப்போ ஒரு படி தூக்கல். மருந்து பாட்டிலோடு வரும் மில்லி மூடியில் அளந்து ஊற்றுவதே நல்லது.

◆ சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்கு: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சைச் சாறு 15. என்னைக் கேட்டால் சாறையும் 20 ஆக்குவேன். சென்னை வெயிலுக்குப் புளிப்பு ஒரு பிடி முன்னே நிற்கலாம். முதலில் சங்கத்தின் அளவில் கலந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கூட்டுங்கள். குறைக்க வழியில்லை.

◆ தி.நகரில் எந்த ஓட்டலில் லெமன் சோடா கேட்டாலும் "ஸ்வீட்டா, சால்ட்டா?" என்பார் சர்வர். "ரெண்டும் போடுங்கண்ணே" என்று சொல்பவருக்கு மார்கரிட்டாவின் சூத்திரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உப்பின் வேலை கரிக்க வைப்பது மட்டுமல்ல. சோடியம் நாக்கில் கசப்பை அமுக்குகிறது. கசப்பு அடங்கியதும் இனிப்பும் மணமும் மேலே வருகின்றன. பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள்.

◆ விளிம்புக்குத் தூள் உப்பு வேண்டாம். ஈரத்தில் கரைந்து, ஒரே வாயில் கரித்துவிடும். கல் உப்பை உரலில் ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும். தூத்துக்குடி உப்பானால் என்ன, மரக்காணம் உப்பளத்து உப்பானால் என்ன, இரண்டும் நன்றாகவே ஒட்டும். பாதி விளிம்புக்கு மட்டும் தடவுங்கள். உப்பு வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கட்டும். உள்பக்கம் மட்டும் ஒட்டக் கூடாது.

◆ பிழிந்த சாறு சில மணி நேரம் தாங்கும். ராத்திரி பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தது மறுநாள் மணமிழந்து கசக்கும். லிமோனின் என்ற கசப்புப் பொருள் சாற்றில் நேரம் ஆக ஆகத்தான் உருவாகிறது. விதையையும் வெள்ளைத் தோலையும் சேர்த்து நசுக்கினால் அந்தக் கசப்பு இன்னும் கூடும். கைக்குக் கனமான பழமாகப் பார்த்து எடுத்து, மேடையில் உருட்டி, மிதமாகப் பிழியுங்கள்.

◆ ஐஸ் என்பது குளிர்ச்சிக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும்தான். குலுக்கும்போது உருகும் நீர் சேர்ந்தால்தான் சாராய எரிச்சல் அடங்கும். ஷேக்கர் இல்லாவிட்டால், மூடி இறுகும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பாதிக்குமேல் ஐஸ் நிரப்பி 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்கி வடிகட்டுங்கள். இந்த ஐஸுக்காக ஒரு காலத்தில் சென்னை அமெரிக்காவை நம்பியிருந்தது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் மெரினாவின் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

◆ 1937-ல் லண்டனில் வெளியான கஃபே ராயல் காக்டெயில் புத்தகத்தில் 'பிக்கடோர்' என்றொரு பானம் இருக்கிறது. டெக்கீலா, ஆரஞ்சு மது, எலுமிச்சை. அசல் மார்கரிட்டாவேதான், பெயர் மட்டும் வேறு. அதே 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது.

◆ இன்னொரு ஆண்டுப் பொருத்தம். 1971 மே மாதம் டல்லஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, உறைந்த மார்கரிட்டாவைக் குழாய் வழியே ஊற்ற ஆரம்பித்தார். அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே 1971-ல்தான் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சில ஆண்டுகளிலேயே மறுபடி பூட்டியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பத் திறந்தார்கள். டாஸ்மாக் பிறந்தது 1983-ல். வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

◆ 'டெக்கீலா' என்ற பெயருக்கு இந்தியாவில் பாதுகாப்பு எங்கே பதிவாகியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அடையாறிலிருந்து ஆட்டோ தூரத்தில், கிண்டியில்! நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான். டார்ஜிலிங் தேயிலை, காஞ்சிபுரம் பட்டு ஆகியவற்றோடு மெக்சிகோவின் கற்றாழை மதுவான டெக்கீலாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால்தான் ஆந்திராவில் டெஸ்மண்ட் நாசரேத் தக்காணத்து ஆனைக் கற்றாழையிலிருந்து வடித்து 2011-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மதுவுக்கு அந்தப் பெயர் கிடையாது. ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நின்ற, நாம் நார் உரித்துக் கயிறு திரித்த அதே ஆனைக் கற்றாழை!

◆ ஆரஞ்சு மது கிடைக்கவில்லையா? சான்பிரான்சிஸ்கோவின் ஹூலியோ பெர்மெஹோ அதை விட்டுவிட்டு, கற்றாழைப் பாகு சேர்த்துப் பேர் வாங்கினார். நமக்குக் கமலா ஆரஞ்சு இருக்கிறது. தோலை மட்டும் மெல்லிசாகச் சீவிச் சர்க்கரையில் பிசறி, ஓர் இரவு மூடி வையுங்கள். தோலின் எண்ணெயைச் சர்க்கரை உறிஞ்சிக்கொள்ளும். அதில் கொஞ்சம் வெந்நீர் விட்டால் பாகு தயார்.

◆ மது தொடாதவருக்கு இந்தப் பாகு 20 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, ஒரு சிட்டிகை சுக்கு, மேலே சோடா, விளிம்பில் கல் உப்பு. ராமநவமிப் பானகத்துக்குத் தம்பி முறை. மதுவோடு கலந்ததைவிட இதில்தான் பழம் புதுசா பழசா என்பது சட்டென்று தெரியும்.

◆ எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கலாம். கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். மருத்துவர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயரே 'மார்கரிட்டா எரிச்சல்'. பழத்தோலில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருளும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மொட்டை மாடியில் பகல் விருந்து வைப்பவர்கள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.