சங்கல்பமும் கையும்

இலங்கையின் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வலையைக் கரைசேர்ப்பது புயபலம் மாத்திரமன்று; வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் அடி விழுகின்ற அந்தக் கணத்திலேயே அத்தனை பேருடைய இழுப்பும் கயிற்றில் விழவேண்டும், சற்றே முந்தினாலும் பிந்தினாலும் பலமெல்லாம் மணலுக்குத்தான் போகும். ஆயுள் முழுவதும் அந்தக் கயிற்றைப் பிடித்த என் பெரியப்பா, பாரிசவாதத்தால் வலக்கை விழுந்த பிறகும் கரைக்கு வந்து உட்காருவார். ஒருநாள் கயிற்றை அவர் உள்ளங்கையில் வைத்து, “புடிங்க பெரியப்பா” என்றேன். நெற்றி சுருங்கிற்று, இடக்கை தன்னையறியாமல் மூடிக்கொண்டது, வலக்கை விரல்கள் அசையவில்லை. “புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. மூளையின் இடப்பாதியில் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ நரம்பணுக்கள் மடியும்போது, வலக்கைக்கு ஆணை செல்லும் பாதை அறுபடுகிறதே தவிர, கையை மூடவேண்டும் என்ற சங்கல்பம் பெரும்பாலும் எஞ்சியே நிற்கிறது. அந்தச் சங்கல்பத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே கண்டறிந்து, அறுந்த பாதையைச் சுற்றிக்கொண்டு கைக்குக் கொண்டுசேர்க்க முயல்வது மூளை-யந்திர இணைப்பு என்னும் சாதனத்தின் ஒரு வகை.

ஜெர்மனியில் ஜேனா நகரத்து வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டிலேயே மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்துவிட்டார். தலைத்தோலில் மின்முனைகளைப் பொருத்தி, இடையே உப்புக் கரைசலோ பசையோ தடவினால், வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கே வலிமையுள்ள அந்த அலைகள் பிடிபடுகின்றன. கை ஓய்ந்திருக்கையில் அதை ஆளும் மூளைப் பகுதியில் வினாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரையான அலைகள் சீராக எழுகின்றன. கையை அசைக்க நினைத்த மாத்திரத்தில், அசைக்காமல் வெறுமனே கற்பனை செய்தாலும்கூட, அவை தணிந்துவிடுகின்றன. நங்கூரமிட்ட வள்ளங்கள் ஒரே தாளத்தில் ஆடிக்கிடந்து, தொழிலுக்குப் புறப்பட்டதும் ஆளுக்கொரு திசையாகக் கலைவதைப் போன்றதே இது. ஆக, யந்திரம் தேடுவது ஓர் எழுச்சியை அன்று, ஒரு தணிவை.

அந்தத் தணிவைக் கணினி கண்டதும், நோயாளியின் கையில் பூட்டிய யந்திரக் கவசம் விரல்களை மூடித் திறக்கிறது. யந்திரம் இழுத்துக் கை அசைவதில் என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஜெர்மனியின் டூபிங்கன் ஆராய்ச்சியாளர்கள் நாட்பட்ட வாதநோயாளர் 32 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நினைத்த கணத்திலும், மறு சாராருக்கு நினைப்போடு சம்பந்தமின்றியும் கையை அசைக்கச் செய்தார்கள். இரு சாராருக்கும் வழக்கமான இயன்மருத்துவப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவில், நினைப்பும் அசைவும் கூடிய சாராரே தெளிவாகத் தேறியிருந்தனர். அம்பாவின் அடியும் இழுப்பும் கூடவேண்டும் என்று வலை இழுப்பை நடத்தும் எங்கள் மண்டாடிமார் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை.

நமக்கு அருகில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஆஷிஷ் தத்தா பதினைந்து ஆண்டுக்கால உழைப்பில் இத்தகைய கைக்கவசம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். இந்தியாவில் நால்வர், பிரிட்டனில் நால்வர் என எட்டுப் பேரிடம் அது பரீட்சிக்கப்பட்டது. நோய் கண்டு ஓரிரு வருஷமாகி, தேறுவது நின்றுபோனவர்கள் அவர்கள். பலன் உற்சாகமளிப்பதாக 2025-இல் அறிவித்தார்கள். ஆயினும் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிப் பறைசாற்ற நான் தயாரில்லை. அமெரிக்காவிலோ, கெடாத பாதி மூளையின் சமிக்ஞையையே வாசித்து விளங்காத கையை அசைக்கும் ‘இப்சிஹேண்ட்’ என்ற கருவிக்கு 2021-இல் அரசாங்க அனுமதியே கிடைத்துவிட்டது. நோயாளி அதை வீட்டில் வைத்தே பயன்படுத்தலாம்.

உடப்பில் இன்றும் பெரியப்பாவுக்கு உள்ள சிகிச்சை சிலாபத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் செய்துவரும் பயிற்சிதான். வலை இழுக்கும் நாட்களில் மணலில் அமர்ந்து, உதட்டுக்குள் அம்பா பாடுகிறார். அடி விழும்போதெல்லாம் அவருடைய வலத்தோள் சிறிது பின்னுக்குப் போய் வருகிறது.